இடது பக்கத்து மஞ்சள் கோடு

துறைமுகத்தில் நான் வேலை பார்க்கும் கிரேன் பராமரிப்புப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு போல்ட்டைச் சரியான அளவுக்கு முறுக்கியவன், முறுக்கிய கையோடு, நட்டின் மேலிருந்து அடியிலிருக்கும் இரும்பு வரைக்கும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பான். நட்டு பிற்பாடு தளர்ந்தால் கோடு உடைந்து இரண்டாகத் தெரியும். இது எல்லா ஊர்ப் பட்டறையிலும் உள்ளதுதான். எங்களிடம் கூடுதலாக ஒன்று உண்டு, ஆளுக்கொரு நிறம். என்னுடையது வெள்ளை, என்னோடு ஜோடியாக வேலை பார்ப்பவனுடையது மஞ்சள். ஒருவன் போட்ட கோடு உடையாமல் இருக்கும்வரை இன்னொருவன் அந்தப் போல்ட்டில் ஸ்பேனர் வைக்க மாட்டான். வைத்தால் 'உன்னை நம்பவில்லை' என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனாலும் பதினெட்டு வருஷத்தில் யாரும் இதை மீறி நான் பார்த்ததில்லை.

அப்படி ஒரு மஞ்சள் கோட்டை நம்பித்தான் ஒன்றரை மாதம் என் மனைவியை ரோட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. ஆறிவிட்டது என்று சொன்னால் அது பொய்.

அவள் விளாத்திகுளம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. பஸ்ஸை நம்பினால் முதல் பீரியட் முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். அதனால் ஒரு பழைய காரை வாங்கி அவளே ஓட்டிக்கொண்டு போய் வருகிறாள். உப்பளத்தை ஒட்டிப் போகும் சாலையில் எந்நேரமும் லாரி. குளத்தூரில் திரும்பினால் கரிசல் காட்டுக்கு நடுவே குறுகலான ரோடு, சொல்லாமல் கொள்ளாமல் குறுக்கே இறங்கும் ஆடுகள். அந்தக் காரின் முன் சக்கரம் இரண்டையும் நானும் அந்த மஞ்சள் கோட்டுக்காரனும் சேர்ந்து கழற்றி மாட்டினோம். வலது பக்கம் நான், இடது பக்கம் அவன்.

அவனும் நானும் ஒரே வாரத்தில் பட்டறையில் சேர்ந்தவர்கள். நான் பனங்காட்டுப் பக்கத்துக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. தராசைத் தவிர வேறு இரும்பைத் தொட்டறியாத குடும்பம். அவன் கடற்கரைக்காரன். அவன் அப்பா சங்கு குளித்தவர். மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கும்போது, வள்ளத்தில் கயிற்றை மனைவியின் அண்ணன் கையில்தான் கொடுத்துவிட்டு இறங்குவாராம். தன் தங்கச்சியை விதவையாக்கிவிட்டு எவனும் கயிற்றை விடமாட்டான் என்பது அவர்கள் கண்ட நியாயம். என் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன், பரிமாறிக்கொண்டிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி என் மனைவியைத் தங்கச்சி என்று கூப்பிட்டு இன்னொரு கரண்டி பாயசம் கேட்டான். அன்றிலிருந்து எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நான் மச்சான். நான் கிரேன் உச்சிக்கு ஏறும்போதெல்லாம் கீழே நின்று, "கயித்த நான் பிடிச்சிருக்கேன் மச்சான், நீ ஏறு" என்பான். கயிறு ஒன்றும் இருக்காது. சும்மா ஒரு பேச்சு. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும்.

வண்டியில் என்ன கோளாறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன் சக்கரத்தை வண்டியின் உடம்போடு பிடித்து வைத்திருப்பது லோயர் ஆர்ம் என்கிற இரும்புக் கை. அது உடம்போடு சேரும் இடத்தில் நடுவே ஒரு ரப்பர் புஷ் உண்டு. சக்கரம் மேலே ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த ரப்பர் முறுகிக் கொடுத்து மறுபடி நேராகும். அதற்கு முந்தின வருஷம் ஒரு கேரேஜில் புது ரப்பர் போட்டோம். அங்கே வேலை பார்த்தவர் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுக்க முறுக்கிவிட்டார். அவசரம். தொங்கும் நிலையில் இறுக்கிப் பிடித்துவிட்டால், வண்டியை இறக்கிய நிமிஷத்திலிருந்து ரப்பர் முறுகியபடியேதான் நிற்கும். ஓடாமல் சும்மா நிற்கும்போதுகூட அதற்கு ஓய்வு கிடையாது. வருஷம் திரும்புவதற்குள் கிழிந்துவிட்டது.

சரியான முறை அப்படியில்லை. தூக்கி வைத்திருக்கும்போது போல்ட்டைக் கையால் மாட்டி, ஸ்பேனரால் லேசாகப் பிடிக்கிற அளவுக்கு மட்டும் விட வேண்டும். பிறகு வண்டியைக் கீழே இறக்கி, நான்கு சக்கரமும் அதன் பாரத்தை வாங்கிக்கொண்டு நிற்கும்போது இரண்டு மூன்று தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, அதன் பிறகுதான் கடைசி முறுக்கு. அதற்கு டார்க் ரெஞ்ச் என்று ஒரு நீளமான ஸ்பேனர் இருக்கிறது. புத்தகத்தில் போட்டிருக்கும் அளவை அதில் வைத்துவிட்டு இழுத்தால், அந்த அளவு வந்ததும் கிளிக் என்று சத்தம் போடும். அத்துடன் நிறுத்திவிட வேண்டும். கை பலத்தைக் காட்டி மேலே இழுத்தால் போல்ட்டின் உயிர் போய்விடும்.

இந்தக் கடைசி முறுக்குத்தான் வீட்டில் வேலை பார்ப்பவனுக்குப் பெரிய சோதனை. இறக்கிய வண்டிக்கு அடியில் ஆள் நுழைய இடமிருக்காது. அதற்கும் எங்களிடம் வழி இருந்தது. கப்பலில் சரக்குக்கு அடியில் அண்டை கொடுக்கும் கனத்த மரக்கட்டைகளைக் கழித்துப் போட்டபிறகு துறைமுகச் சாலை மரக்கடைகளில் விற்பார்கள். அதில் சிலவற்றை வாங்கி அடுக்கி, சக்கரம் ஒவ்வொன்றையும் ஜாக்கியால் தூக்கிக் கட்டைக்கு மேல் நிறுத்தினால், வண்டி தன் காலிலும் நிற்கும், நமக்கும் மல்லாந்து நுழைய இடம் கிடைக்கும். யோசனை அவனுடையது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கேரேஜ்காரர் செய்யத் தவறியதை வீட்டு வாசலில் செய்யப் போகிறோம் என்று மனைவியிடம் இரண்டு நாள் பீற்றிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். எங்கள் ஊர் உப்புக்காற்றில் எந்தப் போல்ட்டும் மரியாதையாகக் கழன்று வராது. எண்ணெய் விட்டு, தட்டி, திட்டி, பழைய ஆர்ம் இரண்டையும் வெளியே எடுப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. புதியதை மாட்டி, லேசாகப் பிடித்துவிட்டு, வண்டியைக் கட்டைகளில் இறக்கினோம். பானெட்டைப் பிடித்து இருவருமாக அமுக்கி ஆட்டினோம். அட்டையை விரித்து மல்லாந்து உள்ளே போய் வலது பக்கத்தை நான் இழுத்தேன். தரைக்கும் வண்டிக்கும் நடுவில் நெஞ்சு இடிக்க, தோளிலிருந்து இழுக்க வேண்டும். பல்லைக் கடித்து இழுத்தபிறகு கிளிக் வந்தது. வெள்ளைக் கோடு போட்டேன். ரெஞ்சை அவனிடம் நீட்டினேன்.

அப்போது மனைவி உள்ளேயிருந்து, "தண்ணி வந்திட்டுங்க, மோட்டாரப் போடுங்க" என்றாள். எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று கடவுளுக்கே தெரியாது. வந்ததும் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பாவிட்டால் அந்த வாரமே போச்சு. பக்கவாட்டுச் சந்துக்கு ஓடி மோட்டாரைப் போட்டு, காற்றடைத்திருந்த குழாயைச் சரிசெய்து, தண்ணீர் ஏறுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் அவன் வெளியே வந்து, வேஸ்ட் துணியால் ரெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சிது மச்சான்."

"அதுக்குள்ளயா?"

"நீ வயசான காலத்துல கெடந்து இழுக்கிய மாதிரியா நான்?"

சிரித்தேன். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது பக்கத்தில் மஞ்சள் கோடு ஈரம் காயாமல் பளபளத்தது. கிளிக் சத்தம் என் காதில் விழவில்லையே என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அதில் கேட்டிருக்காது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரெஞ்ச் என் காலடியில்தான் கிடந்தது. எடுத்து ஒருமுறை வைத்துப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். வைக்கவில்லை. அவன் கோட்டில் நான் எப்படி வைப்பேன்?

மத்தியானம் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டான். மனைவி சீலா மீன் குழம்பு வைத்திருந்தாள். வாயாரப் புகழ்ந்துகொண்டே இரண்டாவது தடவையும் சோறு வாங்கினான். சாப்பிட உட்காரும்போது நாற்காலியை இடது கையால்தான் இழுத்திருந்தான். மேஜையில் வலது பக்கமாக எட்ட இருந்த அப்பளத் தட்டை அவன் எடுக்காமல், "அத இங்கன தள்ளு மச்சான்" என்றான். இதெல்லாம் அன்றைக்கு எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிற்பாடு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து என்னை எரித்தது.

இரண்டாவது வாரத்தில் அவள் முதல் தடவை சொன்னாள்.

"பிரேக் போட்டா இடது பக்கம் டொக்குன்னு ஒரு சத்தம் கேக்கு."

"புது ரப்பர்லா. உக்கார கொஞ்ச நாள் ஆகும்" என்றேன். ரப்பர் உட்காருவதாவது, எழுந்திருப்பதாவது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அடுத்த வாரம் மறுபடி சொன்னாள். வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. "ரோடு அப்படி. குளத்தூர் ரோட்டுல எந்த வண்டிதான் சத்தம் போடாம ஓடுது?" என்றேன். அவள் நாசரேத்து வாத்தியார் வீட்டில் வளர்ந்தவள். ஒரு பதில் சரியில்லை என்று பட்டால் உடனே சண்டைக்கு வரமாட்டாள். கொஞ்ச நாள் விட்டு அதே கேள்வியை இன்னும் தெளிவாகக் கேட்பாள்.

கேட்டாள். ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சாவியை ஆணியில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். "வண்டிக்கு அடியில படுத்துப் பாத்தியளா?"

"நேத்தே பாத்துட்டேன். கோடு அப்படியே இருக்கு."

"ஸ்பேனர் வச்சுப் பாத்தியளா?"

"ஏளா, அவன் கோட்டுல நான் ஸ்பேனர் வைக்க முடியாது. அது என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியும்லா? பதினெட்டு வருஷமா அவன் கோட்ட நம்பி கிரேன் உச்சியில நிக்கேன் நான்."

சாவியை மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

அதிலிருந்து பத்து நாள் இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. குளத்தூரைத் தாண்டி ரோட்டோரம் நிற்கிறேன், வரமுடியுமா என்று மட்டும் கேட்டாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஷிப்டில் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். எப்படி ஓட்டிப் போனேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

போனபோது ஒரு உடைமரத்தின் அரைகுறை நிழலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். ஆடுகள் குறுக்கே வந்திருக்கின்றன. பிரேக்கை மிதித்திருக்கிறாள். இடது பக்கம் டமார் என்று சத்தம், ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு இடப்பக்கம் இழுத்திருக்கிறது. வண்டி தாரை விட்டு இறங்கி, மைல் கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருந்தது. எதிரே லாரி ஏதும் வரவில்லை. வலப்பக்கம் இழுத்திருந்தால், ஒரு லாரியும் வந்திருந்தால் என்று நான் யோசித்துக்கொண்டே போனேன். அவள், "எனக்கு ஒண்ணும் இல்ல. மொதல்ல அதப் பாருங்க" என்றாள்.

ஜாக்கி போட்டு, சட்டையோடு மண்ணில் படுத்து, போன் வெளிச்சத்தில் பார்த்தேன். மஞ்சள் கோடு அப்படியே இருந்தது. வளையவில்லை, உடையவில்லை, ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி நேராக இருந்தது. ஆனால் போல்ட்டைச் சுற்றி இரும்பு இரும்போடு உரசி உதிர்ந்த சிவப்புத் தூள், குங்குமம் கொட்டினது மாதிரி அப்பிக் கிடந்தது. உரசிய இடம் வெள்ளி மாதிரி மின்னியது. ஸ்பேனரை வைத்தேன். இழுக்கக்கூட இல்லை, இரண்டு விரலால் தள்ளினேன். சுற்றியது.

கோடு உடைந்திருந்தால் அவனுக்காக நானே வாதாடியிருப்பேன். ரோடு மோசம், அதிர்ச்சியில் தளர்ந்துவிட்டது, யாருக்கும் நடக்கும் என்று மனைவியிடம் சொல்லியிருப்பேன். கோடு நேராக இருந்ததால் சொல்ல ஒன்றும் இல்லை. கோடு போட்ட நாளிலிருந்து அந்த நட்டு ஒரு நூல்கூட நகரவில்லை. அப்படியென்றால், போடும்போதே அது இவ்வளவுதான் பிடித்திருந்தது. வண்டி தொங்கும்போது லேசாக மாட்டி விட்டிருந்த அதே பிடி. உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு என்பதால் தானாகக் கழன்று விழவில்லை. அந்த வளையம் மட்டும்தான் ஒன்றரை மாதமாக என் மனைவிக்குக் கயிறு பிடித்திருக்கிறது.

அந்த மண்ணில் படுத்தபடியே அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். என் மனைவி காதுபட நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவளைக் கூப்பிட்டு, குனிந்து பார்க்கச் சொல்லி, சிவப்புத் தூளை விரலால் தொட்டுக் காட்டினேன். "பாரு, நாள்பட ஆடியிருக்கு. மொத நாள்ல இருந்தே ஆடியிருக்கு. தங்கச்சி தங்கச்சின்னு சொல்லிட்டு என்ன வேலை பாத்திருக்கான் பாரு." அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போல்ட்டை இருந்த ஸ்பேனரால் முறுக்கி, வீடு வந்து சேரும் அளவுக்கு ஒப்பேற்றினேன். அவள் வண்டியில் ஏறவில்லை. பஸ்ஸில் வந்துகொள்கிறேன் என்றாள். அவளைக் குளத்தூரில் பஸ் ஏற்றி, பைக்கை அங்கே ஒரு டீக்கடையில் விட்டுவிட்டு, ஆட்டோவில் திரும்பி வந்து, காலியான காரை மாட்டுவண்டி வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் உப்பளம். வழியெல்லாம் அவன் முகம்.

மறுநாள் சனிக்கிழமை அவனுக்கும் எனக்கும் ஒரே ஷிப்டு. அவன் வருவதற்கு முன்பே டார்க் ரெஞ்சை எடுத்துக்கொண்டு கிரேனில் ஏறினேன். போன வாரம் அவன் மஞ்சள் கோடு போட்ட போல்ட்டுகள் வரிசையாக இருந்தன. முதல் கோட்டில் ரெஞ்சை வைத்தேன். கீழே இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். பார்க்கட்டும். ஒன்று தளர்வாக இருந்தாலும் நேரே மேலதிகாரியிடம் போவது என்று முடிவு செய்திருந்தேன். தளர்ந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். எல்லா இடத்திலும் மோசமான வேலைக்காரன் என்றால் அது ஒரு தினுசு. அதற்கு ஒரு பதில் உண்டு.

கிளிக். அடுத்தது, கிளிக். ஒவ்வொன்றாக வரிசை முழுவதும் வைத்தேன். ஒரு நட்டுகூட மயிரிழை நகரவில்லை. எல்லாம் சுத்தமான வேலை.

கடைசிப் போல்ட்டில் இருந்தபோது அவன் ஏணியில் ஏறி வந்தான். பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது.

"என் கோட்டுலயா வைக்க மச்சான்?"

"இங்கெல்லாம் முறுக்கியிருக்க. என் வீட்டு வண்டியில ஏன்ல முறுக்கல?"

அவன் மறுக்கவில்லை. அப்படியெல்லாம் இல்லை மச்சான், நான் இழுத்தேன் என்று ஒரு பொய்யாவது சொல்வான் என்று பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி சொன்னான்.

"தோளத் தூக்க முடியல. ஆறு மாசமா இப்படித்தான். மல்லாக்கப் படுத்து இழுக்கையில உயிரு போவுது. ரெண்டு வாட்டி இழுத்துப் பாத்தேன். கிளிக் வரல."

"என்கிட்ட சொன்னா நான் இழுத்திருப்பேம்லா. நான் என்ன மோட்டாரத் தூக்கிக்கிட்டு ஊரவிட்டா போயிட்டேன்?"

"பட்டறையில தெரிஞ்சா மேல ஏத்த மாட்டானுவ. ஸ்டோர்ல உக்கார வச்சிருவானுவ. நீ வாய்தவறிச் சொல்லிருவியோன்னு பயம்."

"இங்க மட்டும் எப்படி இழுக்க?"

"இங்கன நின்னுக்கிட்டு உடம்பப் போட்டு இழுக்கலாம். நோவத்தான் செய்யும், பொறுத்துக்கிடுவேன். இங்க தளந்தா மாட்டிக்கிடுவேம்லா."

"அங்க தளந்தா?"

"நீ எப்படியும் ஒருக்கா படுத்துப் பாத்துருவன்னு நெனச்சேன் மச்சான். ஒன் வண்டிதான. தங்கச்சிக்கு ஒண்ணும் ஆகலல்லா?"

"தங்கச்சின்னு சொல்லாத" என்றேன். ரெஞ்சை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

சோம்பேறி என்றால் மன்னித்திருப்பேன். வேலை தெரியாதவன் என்றால் எங்கள் முட்டாள்தனம் என்று விட்டிருப்பேன். நோவைப் பொறுத்துக்கொண்டு கம்பெனியின் கிரேனுக்கு இழுக்கத் தெரிந்தவன், என் வீட்டு வாசலில் அந்த நோவைப் பொறுக்கவில்லை. அங்கே கேட்க ஆள் இருக்கிறது. இங்கே நான்தானே, கேட்கவா போகிறேன்? எனக்குள் குத்திய முள் இதுதான். வேண்டாதவனிடம் காட்டிய ஒழுங்கில் பாதியைக்கூட அவன் வேண்டியவனிடம் காட்டவில்லை. அவன் தோள் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். அவனைப் பற்றிப் பேசவே எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சாப்பாட்டு மேஜையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் எதிரே நின்று, அவன் சொன்னதை அவன் குரலிலேயே சொல்லி, திட்டி, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். நீ எப்படியும் பார்த்துவிடுவாய் என்று நினைத்தானாம், எவ்வளவு திமிர் பார் என்றேன். அவள் சிவப்புப் பேனாவை மூடினாள்.

"நான் ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"அன்னைக்கு நீங்க படுத்துப் பாத்தப்ப அந்தச் சிவப்புத் தூள் இல்லையா?"

சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ரோட்டோரத்தில் நான் தொட்டுக் காட்டியதிலிருந்து அவள் மனசுக்குள் அந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மொத நாளிலிருந்தே ஆடியிருக்கிறது என்று சொன்னவன் நான்தானே. அப்படியானால் பத்து நாளுக்கு முன்பும் தூள் இருந்திருக்க வேண்டும். படுத்துப் பார்த்தவன் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"இருந்திருக்கும்" என்றேன்.

"நீங்க பாக்கலையா?"

"படுக்கவே இல்ல."

அன்றைக்குக் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. சட்டை அழுக்காகும் என்றிருந்தது. அவன் கோடு இருக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. காரணம் என்று சொல்லப்போனால் இவ்வளவுதான். கிரேனில் எவனாவது ஒருவன் ஒரு சத்தம் கேட்கிறது என்று சொன்னால் கொதிக்கிற வெயிலில் உச்சிவரை ஏறிப் பார்ப்பவன் நான். மூன்று தடவை சொன்னவளிடம், படுக்காமலே பார்த்துவிட்டேன் என்றேன்.

அவள் எழுந்து போவாள், அழுவாள், ஏதாவது ஒரு சொல் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். "சரி" என்றாள். பேனாவைத் திறந்து அடுத்த தாளை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை புது புஷ், புது போல்ட் வாங்கி வந்து தனியாக உட்கார்ந்தேன். அதே மரக்கட்டைகளை அடுக்கினேன். அவன் இல்லாமல் வேலை இரட்டிப்பாக இழுத்தது. கழற்றினேன், மாட்டினேன், இறக்கினேன், ஆட்டினேன், மல்லாந்து உள்ளே போய் இழுத்தேன். கிளிக். வெள்ளைப் பேனாவால் கோடு போட்டுவிட்டு வெளியே வந்தபோது அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். பழைய சுடிதார் ஒன்றைப் போட்டிருந்தாள்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது. கோடு போட்டுட்டேன்."

கையை நீட்டினாள். டார்ச்சைக் கேட்கிறாள் என்று நினைத்துக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு மறு கையையும் நீட்டினாள். "அதையும் தாங்க."

ரெஞ்சைக் கொடுத்தேன். எந்தப் பக்கம் இழுக்க வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். அட்டையைச் சரியாக இழுத்துப் போட்டு, மல்லாந்து, வண்டிக்கு அடியில் நுழைந்தாள். அவள் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. நான் குனிந்து பார்த்தேன். என் வெள்ளைக் கோடு இன்னும் காயவில்லை. அதன் மேலேயே ரெஞ்சை வைத்தாள். இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். கிளிக். பதினெட்டு வருஷத்தில் என் கோட்டில் இன்னொரு கை வைத்த முதல் ஸ்பேனர் அது. அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியும். நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.

வெளியே வந்து, தலையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, அட்டையை இழுத்துக்கொண்டு வலது பக்கத்துக்குப் போனாள். அங்கே இருந்தது ஒன்றரை மாதத்துக்கு முந்தின என் கோடு. அதைத் தொட வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தண்ணி வந்திருக்கும். நீங்க போயி மோட்டாரப் போடுங்க" என்றாள்.

பக்கவாட்டுச் சந்துக்குப் போய் மோட்டாரைப் போட்டேன். அன்றைக்கு நின்ற அதே இடத்தில், குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மோட்டார் முழுச் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து அந்தக் கிளிக் எனக்குத் தெளிவாகக் கேட்டது.